ஓட்டை டொச்சும் எங்கள் கதைகளும்

எங்கள் புலம்பெயர் கதைகளில் வருகிற ஜேர்மன்காரர்கள் மிக நல்ல தமிழ் பேசுகிறார்கள். வீட்டுச் சொந்தக்காரி, றெஸ்ரோறன்ற் முதலாளி, ரயிலில் ரிக்கற் பார்க்கிறவர், வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாவை நீடிக்கிற அதிகாரி, எல்லோரும் எழுவாய் பயனிலை பிசகாத தமிழில் கதைக்கிறார்கள். அதைவிட ஆச்சரியம், அவர்களுக்குப் பதில் சொல்கிற எங்கடை ஆளும் அதே தமிழில் பதில் சொல்வதுதான். வந்து எட்டு மாதம். ஒரு நாள்கூட வகுப்புக்குப் போனதில்லை. அறையில் இருக்கிற ஆறு பேரும் தமிழர். ஆனாலும் கதையில் அவன் ஒரு சட்டத்தரணியைப் போலத் தன் நியாயத்தை அடுக்குகிறான். ‘என்று அவன் டொச்சில் சொன்னான்’ என்ற ஒரு வரியோடு மொழிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

1994 இல் எஸ்.பொ.வும் இந்திரா பார்த்தசாரதியும் தொகுத்த ‘பனியும் பனையும்’ தொகுப்பிலிருந்து, ஜேர்மனியிலிருந்து வெளிவந்த ‘தூண்டில்’, ‘பூவரசு’ முதலிய சஞ்சிகைகளின் பழைய இதழ்கள், அதன்பின் வந்த சிறுகதைத் தொகுதிகள் என்று கையில் கிடைத்தவற்றை வாசித்துக்கொண்டு வருகிறேன். இந்த எழுத்துகளுக்கு நான் கடன்பட்டவன். குளிரும், முகாமும், ஏஜென்சிக்குக் கட்டிய காசும், கோப்பை கழுவிய கையும், கடல் தாண்டியும் கூடவே வந்த சாதியும் இவற்றில்தான் பதிவாயின. ஹைம், சோசல், அவுஸ்லாண்டர் என்ற சொற்களும் தபால்முத்திரை போல ஆங்காங்கே குத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு மனிதன் விடிய எழும்பியதிலிருந்து படுக்கும்வரை எதனோடு மல்லுக்கட்டினானோ அந்த மொழி மட்டும் பெரும்பாலான கதைகளில் இல்லை. அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னதும் விட்டதும் ஒரு குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானித்தன. அவரும் கதைகளில் அதிகம் தலைகாட்டுவதில்லை.

இது வெறும் உத்திப் பிரச்சினை, உரையாடலை எப்படி எழுதுவது என்ற சின்ன விசயம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. இதில் மறைந்துபோவது ஒரு உறவு. யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள், யார் வாய் திறந்தார்கள், யார் வாய் மூடினார்கள் என்பது மறைந்துபோகிறது.

அரைகுறை டொச் கதைக்குள் வருகிற இடங்களும் உண்டு. அங்கே அது பெரும்பாலும் பகிடிக்காக வருகிறது. கோழி வாங்கப் போனவர் சொல் தெரியாமல் கோழி மாதிரிக் கூவிக் காட்டிய கதையை ஐரோப்பாவில் கேளாத தமிழர் இருக்கமாட்டார்கள். இந்தச் சிரிப்பு எங்களுக்குப் புதியதல்ல. 1976 இல் வெளிவந்த ‘கோமாளிகள்’ படத்தை எங்கள் அப்பா அம்மாமார் மறக்கமாட்டார்கள். இலங்கை வானொலி நாடகமாக ஊரையே சிரிக்க வைத்து, பிறகு படமானது. மரிக்காரின் தமிழ் ஒரு விதம், அப்புக்குட்டியின் யாழ்ப்பாணத் தமிழ் இன்னொரு விதம், உபாலியின் சிங்களம் கலந்த தமிழ் வேறொரு விதம். அந்தச் சிரிப்பில் விஷம் இருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் எல்லோருடைய தமிழும் அங்கே பகிடிக்குள்ளானது. ஆனாலும் பிறமொழிக்காரன் எங்கள் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசினால் அவன் கோமாளி என்று எங்கள் காது பழகிவிட்டது. அந்தக் காதோடுதான் நாங்கள் பிராங்போர்ட்டிலும் ஸ்ருட்காட்டிலும் போய் இறங்கினோம். அங்கே தடுமாறியது நாங்கள். அப்போது எங்களையே கோமாளியாக்கி எழுதுவதைத் தவிர வேறு வழி எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு ஜேர்மன் எழுத்தாளர் இதையே எப்படிக் கையாண்டார் என்று பார்ப்போம். குந்தர் வல்ராவ் 1985 இல் வெளியிட்ட நூல், தமிழில் சொன்னால் ‘அடிமட்டத்தில்’. தலையில் கறுப்புப் பொய்முடி வைத்து, கண்ணுக்குக் கருவில்லை போட்டு, அலி என்ற துருக்கித் தொழிலாளியாக வேடமிட்டு, இரண்டு வருடத்துக்கு மேல் உருக்காலையிலும் துரித உணவுக் கடையிலும் வேலை செய்து எழுதியது. ஜேர்மனியில் பெரும் பரபரப்பை உண்டாக்கி, இலட்சக்கணக்கில் விற்றது. ஒப்பந்தக்காரர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பிழிந்த விதத்தை வெளியே கொண்டுவந்த வகையில் அது முக்கியமான நூல்தான். ஆனால் எனக்கு நூலின் முன்னுரையில் அவர் சொல்கிற ஒரு தகவல்தான் பெரிது. அலி பேசிய டொச்சை அவர் எந்தத் துருக்கியரிடமும் கற்கவில்லை. சொற்களின் கடைசி அசைகளைக் கொஞ்சம் விழுங்கி, வசனத்தைக் கொஞ்சம் புரட்டி, சில வேளைகளில் தன் ஊர்க் கொலோன் பேச்சையே சற்றுச் சிதைத்துப் பேசினாராம். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்தத் தகவல் ஜேர்மன்காரரின் காதைப் பற்றியது. துருக்கியன் எப்படிப் பேசுவான் என்று பக்கத்தில் நின்று வேலை செய்தவருக்கே தெரிந்திருக்கவில்லை. பிழையாகப் பேசினால் போதும், அவன் அந்நியன். ஆனால் இதே தகவல் வல்ராவையும் பிடிக்கிறது. அந்த மனிதர்களுக்காக எழுதிய நூலில் அந்த மனிதர்களின் வாய் இல்லை. அவர்கள் வாயில் அவர் தன் கற்பனையை வைத்தார். எங்கள் கதைகள் அகதியின் வாயில் செந்தமிழை வைத்தன. அவர் தொழிலாளியின் வாயில் போலி ஓட்டை டொச்சை வைத்தார். இரண்டும் வேறு வேறு திசையிலிருந்து வந்து ஒரே இடத்தில்தான் நிற்கின்றன.

நான் இருக்கிற கிளேட்டனுக்கும் இந்த விசயத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. எங்களில் பலர் இரவில் துப்புரவு வேலைக்கும் பகலில் பிள்ளைகளின் படிப்புக்குமாகப் போய்வருகிற மொனாஷ் பல்கலைக்கழகத்தில் மைக்கல் கிளைன் என்றொரு மொழியியலாளர் இருந்தார். வியன்னாவிலிருந்து தப்பிவந்த யூத அகதிகளின் மகன், 1939 இல் மெல்பேணில் பிறந்தவர். அவுஸ்திரேலியாவில் வாழும் ஜேர்மன் மொழிக்காரரின் பேச்சு எப்படி மாறுகிறது என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து 2010 இல் காலமானார். 1968 இல் அவர் ஜேர்மன் ஆய்விதழ் ஒன்றில் மேற்கு ஜேர்மனிக்கு ஒப்பந்தத்தில் வந்த வெளிநாட்டுத் தொழிலாளரின் டொச்சைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்தத் துறையின் முதற் கட்டுரைகளில் அது ஒன்று. இத்தாலியோடு 1955 இலும், ஸ்பெயின், கிரேக்கத்தோடு 1960 இலும், துருக்கியோடு 1961 இலும் ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்த காலம் அது.

கிளைன் அதை ஒரு வகைப் பிட்ஜின் என்றார். இரண்டு மொழிக்காரர் வேலைக்காகவோ வியாபாரத்துக்காகவோ சந்திக்கும்போது உண்டாகிற சுருக்கமொழிக்கு மொழியியலில் அதுதான் பெயர். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரவேண்டிய ‘டேர்’, ‘டீ’, ‘டஸ்’ கழன்று விழும். வினைச்சொல் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறாமல் அகராதியில் இருக்கிற மாதிரியே நிற்கும். இல்லை என்பதற்கெல்லாம் ‘நிக்ஸ்’. இவ்வளவும் நாங்கள் அறிந்ததுதான். ஆனால் அவர் இன்னொன்றையும் கவனித்தார். ஜேர்மன்காரரே வெளிநாட்டுத் தொழிலாளியோடு பேசும்போது தங்கள் மொழியை இதே மாதிரி வெட்டிப் பேசினார்கள். ‘டூ நிக்ஸ் ஃபெர்ஷ்டேன்?’ என்று மேற்பார்வையாளர் கேட்டால், தொழிலாளி எந்த டொச்சைப் படிப்பான்? அவன் பேசிய ஓட்டை டொச்சில் ஒரு பங்கு அவனுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டது.

நான் சமையலறையில் வேலை செய்கிறவன். இதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல்கலைக்கழகம் தேவைப்படவில்லை. வாடிக்கையாளரோடு வாக்கியமாகப் பேசுகிற ஒருவர் உள்ளே திரும்பியதும் ‘யூ, பொட், குயிக்’ என்பார். மூன்று வருடம் அப்படியே கேட்டவனிடம் ‘உனக்கு இன்னும் இங்கிலிஷ் வரவில்லையே’ என்று அனுதாபமும் படுவார்.

இனி அந்த ‘டூ’வுக்கு வருவோம். டொச்சில் முன்னிலைக்கு இரண்டு சொல்: ‘டூ’ என்றால் நீ, ‘சீ’ என்றால் நீங்கள். முன்பின் தெரியாத வயதுவந்த ஒருவரை ‘சீ’ என்று அழைப்பதுதான் வழக்கம். வெளிநாட்டுத் தொழிலாளிக்கு மட்டும் முதல் நாளிலேயே ‘டூ’. எங்களிடம் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருக்கிறது. சீதனப் பேச்சில் ‘நீங்கள்’ ‘நீர்’ ஆனதற்காகக் கல்யாணம் குழம்பிய ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். நாற்பது வயது ஆசிரியர் ஒருவரை, இருபத்தைந்து வயதுப் பெடியன் ‘நீ’ என்றபோது அவருடைய காது அதை நிச்சயம் பிடித்திருக்கும். சமையலறையிலும் கட்டட வேலையிலும் எல்லோரும் எல்லோரையும் ‘டூ’ என்பது தோழமைதான், அதை நான் மறுக்கவில்லை. கந்தோரில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து வருகிற ‘டூ’ வேறு. எங்கள் கதைகள் அந்த அதிகாரியின் வாயில் ‘நீங்கள்’ என்று போட்டு எழுதும்போது, தமிழ் மரியாதை காரணமாக ஒரு அவமானத்தை அழித்துவிடுகின்றன. மொழிபெயர்ப்பில் தொலைவதற்கு இதைவிடப் பெரியது என்ன இருக்கிறது?

‘ஏன் படிக்கவில்லை?’ என்ற கேள்வி எப்போதும் அகதியைப் பார்த்துத்தான் கேட்கப்படுகிறது. எழுபதுகளின் நடுப்பகுதியில் ஹைடல்பேர்க்கில் ஸ்பானிய, இத்தாலியத் தொழிலாளர் 48 பேரின் டொச்சை ஆராய்ந்தார்கள். ஒருவருடைய மொழி வளர்வதற்கு, அந்த நாட்டில் எத்தனை வருடம் இருந்தார் என்பதைவிட, ஓய்வு நேரத்திலும் வேலையிடத்திலும் ஜேர்மன்காரரோடு எவ்வளவு பழகினார் என்பதே முக்கியம் என்று கண்டார்கள். இதைச் சட்டத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். 1982 இன் அகதி நடைமுறைச் சட்டம் விண்ணப்பதாரியைக் குறிப்பிட்ட மாவட்டத்தை விட்டு வெளியே போகவிடவில்லை. எண்பதுகளில் வேலை செய்யவும் வருடக்கணக்கில் தடை இருந்தது. அரசாங்கமே ஒழுங்குபடுத்திய 600 மணித்தியால மொழி வகுப்பு 2005 இல்தான் வந்தது. அதிலும் விண்ணப்பம் முடிவாகாதவர்களில் ஒரு பகுதியினருக்குக் கதவு திறந்தது 2015 இன் கடைசியில். எண்பதுகளில் வந்த எங்கள் ஆட்களுக்கு அப்போது முப்பது வருடம் கழிந்துவிட்டது. பழக விடாமல், வேலை செய்ய விடாமல், வகுப்பும் வைக்காமல் இருந்துவிட்டு, நிரந்தர வதிவிடம் கேட்கும்போது மட்டும் மொழிச் சான்றிதழைக் கேட்டார்கள்.

எங்கள் பக்கத்திலும் ஒரு தயக்கம் இருந்தது. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் சிங்களப் பரீட்சையில் சித்தியடையாமல் பதவி உயர்வை இழந்தவர்கள், வேலையையே விட்டுவந்தவர்கள் எங்கள் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய மறுப்பைப் பெருமையாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அரசாங்கம் கேட்கிற மொழியைப் படிப்பது தலைகுனிவு என்ற எண்ணம் அடிமனதில் கிடந்தது. ஜேர்மன் அரசின் மொழிப் பரீட்சையும் இலங்கை அரசின் மொழிப் பரீட்சையும் ஒன்றல்ல. ஆனால் விண்ணப்பப் பத்திரம் இரண்டிலும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

என்னுடைய அக்கா 1996 இல் கல்யாணம் செய்து ஜேர்மனிக்குப் போனவர். அவருடைய பிள்ளைகளோடு கதைப்பதற்காகத்தான் நான் கிளேட்டன் நூலகத்தில் டொச் பாடப்புத்தகம் எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். அவர்களுக்குத் தமிழ் கொஞ்சம், ஆங்கிலம் பள்ளிக்கூட அளவு. படிக்கப் படிக்கத் தெரிந்தது, டொச்சின் சில அறைகளுக்குத் தமிழனிடம் ஏற்கெனவே திறப்பு இருக்கிறது என்று. காரணம் சொல்கிற துணைவாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ஆங்கிலக்காரன் திண்டாடுகிற இடம், எங்களுக்கு வீட்டு முற்றம். வேற்றுமை நாலு, எட்டு வேற்றுமை மனப்பாடம் செய்தவனுக்கு நாலு என்ன பெரிது? திக்குமுக்காட வைப்பது பால்தான். கரண்டி ஆண், முள்ளுக்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. சின்னப் பெண்பிள்ளையைக் குறிக்கும் சொல்லோ இலக்கணத்தில் அஃறிணை மாதிரி நிற்கிறது. உயர்திணை அஃறிணை என்று பிரித்துப் பழகியவனுக்கு இது தலைசுற்றல். இந்த ஒற்றுமை வேற்றுமைகளைத் தமிழில் சொல்லித்தர அக்காவுக்கு ஒருவரும் இருக்கவில்லை. அவர் டொச் படித்தது ஒரு முதியோர் இல்லத்தின் துணி தோய்க்கும் அறையில்.

2009 மே மாதத்துக்குப் பிறகு அக்காவுக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. வைத்தியரிடம் போனபோது பதினொரு வயது மருமகள்தான் மொழிபெயர்த்தாள். ‘வயிறு பத்தி எரியுது எண்டு சொல்லு பிள்ளை’ என்றிருக்கிறார் அக்கா. பிள்ளை அப்படியே சொன்னாள். வைத்தியர் இரைப்பை அமிலத்துக்குக் குளிசை எழுதிக் கொடுத்தார். ஒருவரிலும் பிழை இல்லை. தாய் சொன்னது சரியான தமிழ், மகள் சொன்னது சரியான டொச், வைத்தியர் கொடுத்தது அந்த வார்த்தைக்குச் சரியான மருந்து. முள்ளிவாய்க்கால் மட்டும் மூன்று பேருக்கும் நடுவில் விழுந்துபோயிற்று. இதை ஒரு கதையாக எழுத வேண்டுமென்றால், எல்லோரும் நல்ல தமிழ் பேசுகிற எங்கள் வழக்கமான முறையில் எழுதவே முடியாது. அந்த முறையில் வைத்தியருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

அப்படியென்றால் எப்படி எழுதுவது? எமினே செவ்கி ஒஸ்டமாரிடம் ஒரு வழி இருக்கிறது. 1965 இல் துருக்கியிலிருந்து பேர்லினுக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், பிறகு நாடகத்துக்குப் போய், டொச்சிலேயே எழுதத் தொடங்கினார். 1991 இல் இங்கபோர்க் பாஹ்மன் பரிசும், 2022 இல் ஜேர்மன் மொழியின் மிக உயர்ந்த விருதான கியோர்க் பூஹ்னர் பரிசும் பெற்றார். நான் அவரை ஆங்கிலத்தில்தான் வாசித்தேன். 1998 இல் வந்த அவருடைய ‘பொற்கொம்புப் பாலம்’ நாவலில் வருகிற பெண் பத்திரிகைத் தலைப்புகளை அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்கிறாள். யாராவது ஏதாவது கேட்டால் ஒரு தலைப்பைப் பதிலாக ஒப்புவிக்கிறாள். சிரிப்பு வருகிறது, ஆனால் அவள் கோமாளி ஆவதில்லை. கேள்வி கேட்டவரும் அந்தத் தலைப்புகளை எழுதிய உலகமும்தான் விசித்திரமாகத் தெரிகின்றன. 1990 இல் வந்த முதற் தொகுதிக்கு அவர் வைத்த பெயர், டொச்சில் தாய்மொழிக்கு இருக்கிற சொல் அல்ல. ‘தாய்நாக்கு’ என்று பொருள்படும் புதுச்சொல். துருக்கி மொழியில் நாக்குக்கும் மொழிக்கும் ஒரே சொல். அந்தத் துருக்கித் தன்மையை டொச்சுக்குள் அப்படியே நட்டுவிட்டார். வல்ராவ் கடைசி அசையை வெட்டினார். ஒஸ்டமார் இன்னொரு மொழியின் நினைவைச் சேர்த்தார். ஓட்டை என்று மற்றவர் சொன்ன இடத்தில் ஏதோ இருக்கிறது என்று காட்டினார்.

எங்கள் அடுத்த தலைமுறை டொச்சில் எழுதத் தொடங்கிவிட்டது. 1984 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜேர்மனியில் வளர்ந்த செந்தூரன் வரதராஜாவின் முதல் நாவல் 2016 இல் வந்தது. ஈழத்திலிருந்து வந்த ஒருவனும் கொசோவோவிலிருந்து வந்த ஒருத்தியும் நேரில் சந்திக்காமலே முகநூலில் எழுதிக்கொள்ளும் செய்திகள்தான் நாவல். அகராதியோடு அதைத் தட்டுத்தடுமாறி வாசித்தேன். செப்பமான, தத்துவம் பேசுகிற டொச். டொச்சைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களின் எழுத்துக்கென 1985 இல் தொடங்கிய ஷமிஸோ பரிசு 2017 இல் கடைசித் தடவையாக வழங்கப்பட்டபோது, ஊக்கப் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். அந்த வருடம் முதற்பரிசு பெற்ற ஈராக்கிய அகதி அப்பாஸ் கிதர், 2019 இல் டொச் இலக்கணத்தை வெட்டிக் குறைத்து ‘எல்லோருக்குமான டொச்’ என்று பகிடியாக ஒரு பாடநூலே எழுதினார். மொழியை வென்றவர் செய்யக்கூடிய பகிடி அது. பிள்ளைகள் பிழையில்லாத டொச்சை அடைந்ததில் எனக்குச் சந்தோசமே. ஆனால் தாய் தகப்பன் பேசிய டொச்சைப் பிள்ளைகள்தான் எழுதவேண்டும் என்று விட்டுவிட முடியாது. அவர்களுக்கு அது வீட்டுக்குள் கேட்ட ஒரு வெட்கம். பேசியவர்களுக்குத்தான் அது வாழ்க்கை.

இப்படி எழுதினால் எங்கள் ஆட்களைக் கேவலப்படுத்துவதாகாதா என்று கேட்பார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கையில் இதே கேள்வி வந்தது. உழைக்கும் மனிதரின் பேச்சை அப்படியே கதையில் எழுதியவர்களைப் பார்த்து, இது இழிசனர் வழக்கு என்று பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். டானியலும் ஜீவாவும் எஸ்.பொ.வும் எழுதிக் காட்டினார்கள். கைலாசபதியும் சிவத்தம்பியும் வாதாடினார்கள். பேச்சில் இழிவு இல்லை, கேட்கிற காதில்தான் இருக்கிறது என்பது அன்றைக்கே தீர்ந்த வழக்கு. ஊர்ப் பேச்சுக்குக் கிடைத்த அந்த நியாயத்தை, புலம்பெயர்ந்த பிறகு எங்கள் வாயில் உண்டான பேச்சுக்கு நாங்களே கொடுக்கவில்லை.

பேர்லினில் வாடகைக்கார் ஓட்டிய இரவுகளை எழுதிய பொ. கருணாகரமூர்த்தி போன்றவர்கள் இதற்கு ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறார்கள். பின்னாசனத்தில் இருக்கிறவர் என்ன பேசுகிறார், முன்னால் இருப்பவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று வாடகைக்காருக்குள் எல்லாம் கேட்கும். இனி எழுதுகிறவர்கள் மூன்று காரியம் செய்யட்டும். அதிகாரி ‘டூ’ என்றால் ‘நீ’ என்றே எழுதட்டும். விளங்காத வசனத்தை விளங்காததாகவே விடட்டும். அந்த ஆளுக்குப் பிடிபட்ட இரண்டு சொல்லை மட்டும் வாசகனுக்கும் கொடுக்கட்டும். மொழிபெயர்த்த பிள்ளையைக் கதைக்குள் கொண்டுவந்து உட்கார வைக்கட்டும். எண்பதுகளின் நடுப்பகுதியில் கிழக்கு பேர்லின் வழியாக வந்திறங்கிய பெடியங்களுக்கு இப்போது அறுபது வயது. துணி தோய்க்கிற அறையிலும் சமையலறையிலும் அவர்கள் கட்டியெழுப்பிய அந்த மொழிக்கு அகராதி கிடையாது, வேறு யாரும் எழுதி வைக்கப் போவதுமில்லை.